முகம் தெரியும் வண்டிகள்

சஜா கேம்ப்பிலிருந்து யார்டுக்கு ஏழு கிலோமீட்டர்.
நாலரை மணி இருட்டு.
ரவுண்டானாவில் பக்கவாட்டில் வரும்
வண்டியைப் பார்க்கமாட்டேன்,
அதன் கண்ணாடியைப் பார்ப்பேன்.

உள்ளே இருண்டிருந்தால் நிம்மதி.
ஓட்டுகிறவன் சாலையில் இருக்கிறான்.
முகம் தெரிந்தால்தான் பயம்.
தாடையிலிருந்து நீலமாய் வெளிச்சம் ஏறி
மூக்கு, புருவம், பல்லிடுக்குகூடத் தெரியும்.
சைக்கிளோடு மணலில் இறங்கிவிடுவேன்.
இருமுறை செருப்பு அறுந்தது,
ஒருமுறை சோற்று டப்பா கொட்டியது.

கொமில்லாக்காரன் ஷொஃபிகுல்
பட்டை ஒளிரும் ஜாக்கெட் போட்டுத்தான் போனான்.
ஆம்புலன்ஸ் வரும்வரை
ஜாக்கெட் ஒளிர்ந்துகொண்டே இருந்ததாம்.

நேற்று மேல்கட்டிலில் செல்லக்கனி,
ரொட்டி வேன் ஓட்டுகிறவன்,
ஒரே குதியாட்டம்.
"பாப்பா நடந்துட்டா! நாலு எட்டு! வீடியோல பாத்தேன்!"
"எப்போ?"
"காலையில, லோடு ஏத்திட்டுப் போறப்ப."

எந்த ரோடு என்று கேட்க வாயெடுத்தேன்.
அவன் நீட்டிய பேரீச்சம்பழத்தை
மென்றுவிட்டேன்.

இன்றைக்கும் ஒரு வேன்.
அவ்வளவு தெளிவாக ஒரு சிரிப்பு.
கணுக்கால்வரை மணலில் நின்று பார்த்தேன்,
யார் வீட்டில்
எந்தப் பிள்ளை நடந்ததோ.