எட்டுப் பக்கம், எம்.எல்.ஏ. முறையில்

பதினொன்றரைக்கு வந்து விழுந்தது ஆர்டர்:
நாற்பதாயிரத்து எழுநூற்றுப் பதினெட்டு.
பெயர் கிடையாது. ஓஹையோவில் ஒரு கல்லூரிப் பையன்,
அல்லது பெண்.
துப்பாக்கி வைத்திருப்பது குடிமக்களின் உரிமை என்று
எட்டுப் பக்கம் வாதாட வேண்டும்,
அங்கே நள்ளிரவு ஆவதற்குள்.
அன்னூரில் அது காலை ஒன்பதரை.

"எம்.எல்.ஏ. முறையில எழுதோணுமாம்" என்றேன்.
அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்த மருதாசலம்
நாலு தறிச் சத்தத்துக்கும் மேலே கேட்டார்:
"எந்தத் தொகுதிக்காரரு?"
தேர்தலுக்கு ஒன்பது நாள் இருந்தது.
அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

கோயமுத்தூர் தாண்டி நான் போனது
பழனி வரைக்கும்தான்.
ஆனால் அவர்களுடைய இரண்டாம் திருத்தத்தில்
காற்புள்ளி எங்கே விழுகிறதென்று தெரியும்;
அந்தப் புள்ளிக்காக அடித்துக்கொள்ளும்
இரண்டு கட்சியையும் தெரியும்.
போன வாரம் கருக்கலைப்பு, எதிர்த்து.
அதற்கு முந்தின வாரம் கருக்கலைப்பு, ஆதரித்து.
இரண்டுமே நல்ல மார்க் வாங்கியதாகச் சொன்னார்கள்.

மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.
வெளியே தகர டின் தட்டும் சத்தம்.
குருந்தாசலம்.
கடலைக்காட்டில் பன்றி இறங்கியிருக்கும்.
லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் அவருடையது.
தேர்தல் என்று ஸ்டேஷனில் வாங்கி வைத்துவிட்டார்கள்.
கையில் இருப்பது ரசீது.
ரசீதைக் காட்டினால் பன்றி போகுமா?
தட்டுகிறார், தட்டுகிறார்.
எனக்கு வேண்டிய பத்தி
இருட்டில் நின்று டின் தட்டிக்கொண்டிருந்தது.

எழுதினேன்.
எழுதி முடித்ததும் மறுதரப்பு வந்து நின்றது.
அதுவும் அவர்தான்.
பொங்கல் கழிந்த மூன்றாம் நாள்,
பொழித் தகராறு, வாயில் சாராய நெடி,
தோளில் இதே துப்பாக்கி.
மருமகள் தெய்வானை புறக்கடை வழியாக ஓடிவந்து
தோட்டாப் பையை எங்கள் நூல் பெட்டிக்குள் புதைத்தாள்.
இரண்டு நாள் அந்தப் பெட்டிப் பக்கம்
யாரும் போகவில்லை.
அவள் மட்டும் வந்து வந்து
மூடியிருக்கிறதா என்று பார்த்துப் போனாள்.

நாலு மணிக்குச் செய்தி:
மன்னிக்கவும், ஆசிரியர் பக்கம் மாற்றிவிட்டார்.
இப்போது எதிர்த்து எழுதவும். கெடு அதேதான்.

பன்றியைக் கீழே இறக்கி
தெய்வானையை மேலே ஏற்றினேன்.
'எனவே' இருந்த இடத்தில் 'எனினும்'.
மேற்கோள் பட்டியலில் ஒரு புள்ளிகூட அசையவில்லை.

ஷிப்ட் முடிந்து டீயோடு வந்தவர் கேட்டார்,
"நெசமாலுமே, வெச்சுக்கலாமா கூடாதா?"
"காசு குடுக்கறவங்க இன்னும் முடிவு பண்லீங்க."
சிரித்தார். நானும்.
பிறகு அவர் சிரிப்பதை நிறுத்திய பிறகும்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதுக்கு அனுப்பினேன்.
ஒன்பது பத்துக்குத் திரும்பி வந்தது,
ஒரே இடத்தில் மஞ்சள் பூசி:
பெயரில்லாத இந்த விவசாயி யார்? ஆதாரம் தரவும்.

ஆதாரம் இருக்கிறது.
செம்மண் ஒட்டிய ஒரு சட்டைப் பையில்,
நாலாய் மடித்து, ஊதா முத்திரையோடு.
ஓட்டு எண்ணி முடித்தால் அதற்கும் வேலையில்லை.

இரண்டு பத்தியையும் அழித்தேன்.
ஏழே கால் பக்கம்தான் மிஞ்சியது.
வரிக்கும் வரிக்கும் நடுவே
கொஞ்சம் இடம் விட்டேன்.
எட்டு ஆயிற்று.