பனி அகலாத கார்கள்

பணிமனையில் நாங்கள் ஏழு பேர்.
திங்களன்று ஐந்து.
வியாழனுக்கு நானும் லெயோன்சும் மட்டும்.
அவன் குரல் சரளையில் இழுபடும் தகடுபோல் கேட்டது.
டீசல் புகைதான், வேறொன்றுமில்லை என்றான்.
நான் பதில் சொல்லவில்லை.
கையுறைகளை எடுத்துக்கொண்டு
என்னைச் சுற்றி அகலமாக நடந்து
வீட்டுக்குப் போனான்.

அப்படித்தான் காராக்கெட் நகரத்தின்
மூன்று தடங்களும் எனக்கு வந்தன:
துறைமுகம், கோயில்மேடு, மீன் ஆலைச் சாலை.
விடிகாலை மூன்று மணி. மைனஸ் இருபத்தெட்டு.
எந்த மாலுமியோ வெப்பம் என்று பெயரிட்ட வளைகுடா
கல்லாய்க் கிடக்கிறது வலப்பக்கம்.

இந்தப் புதுவகை லேசானது என்கிறது வானொலி.
பனியும் லேசானதுதான்.
ஒரு செதில் கையில் விழுந்தால்
விழுந்ததே தெரியாது.
மீன் ஆலையின் கூரை போன வருஷம்
அந்த லேசில்தான் உட்கார்ந்தது.

மூன்றாம் இரவில்தான் கவனித்தேன்.
காரின் தலையில் ஒரு விரல் பனி என்றால்
நேற்று யாரோ வேலைக்குப் போயிருக்கிறார்கள்.
ஒரு சாண் என்றால், உள்ளே யாருக்கோ தொண்டை.
ஆசிரியை ஒடீலின் சிவப்பு வண்டியில்
பக்கக் கண்ணாடி மட்டும் காதுபோல் நீட்டிக்கொண்டிருந்தது.
அதற்குமேல் சாண் என்ன, முழம் என்ன.

துகே வீட்டு வாசலில் காரே இல்லை.
புதுப்பனியில் ஒரே ஒரு தடம்,
வெளியே போனது,
ஆஸ்பத்திரி இருக்கும் திசைக்கு.
அதன்மேல்தான் நான் ஓட்டியாக வேண்டும்.
ஓட்டினேன்.

சாலையை வழித்துக்கொண்டு போனால்
ஒவ்வொரு வாசலிலும் ஒரு வரப்பு சேரும்.
அதை அள்ளுவது வீட்டுக்காரர் பாடு.
நகராட்சி விதி அது. மண்வெட்டியோடு வந்து
என்னைத் திட்டியவர்களுக்கெல்லாம்
பன்னிரண்டு வருஷமாக நானே ஒப்பித்த விதி.

ஒடீல் வாசலில் வண்டியை நிறுத்தினேன்.
பின்னால் வந்தேன்.
தகட்டைச் சாய்த்து வரப்பைத் தள்ளினேன்.
ரேடியோவில் கிஸ்லேன்: ஏன் நிற்கிறாய்?
அவள் திரையில் நான் ஒரு பச்சைப் புள்ளி.
பூனை குறுக்கே வந்தது என்றேன்.
அடுத்த தெருவில், மறுபடியும் பூனையா?
ஆமாம்.
பதினோராவது பூனைக்கு அவள் சிரித்துவிட்டாள்.
சிரிப்பு இருமலாகி, இருமல் நீண்டு,
படுக்கையறையில் இருந்து வேலை பார்க்கிறாள் என்பது
அப்போதுதான் எனக்குத் தெரியும்.
இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தேன்.
மூச்சு திரும்பியதும் சொன்னாள்:
கலங்கரைத் தெரு பதினேழில்
ஒரு பூனை இருக்கிறது, ரெஜான்.
வயசான பூனை.
ஆறு மணிக்கு ஆக்சிஜன் வண்டி வரும்.

அதற்குப் பிறகு நான் கேட்காமலே
பூனைகள் வந்துகொண்டிருந்தன.
கர்ப்பிணிப் பூனை. மூன்று குட்டிகளோடு
தனியாக இருக்கும் ஒரு கடுவன்.
லெயோன்ஸ் வீட்டுப் பூனை, அவசரம் இல்லை,
ஆனாலும் பார்த்துவிடு.

விடியும்போது துறைமுகத்தில் நிறுத்தி
சோதனைப் பெட்டியைப் பிரித்தேன்.
குழாயில் திரவம் உறைந்திருந்தது.
அக்குளில் வைத்து இளக்கினேன்,
முட்டை அடைகாப்பவனைப்போல.
பிறகு பதினைந்து நிமிஷம்.
முன்கண்ணாடிக்கு அப்பால்
நவம்பருக்குப்பின் யாரும் பார்க்காத
சாலையின் மஞ்சள் இரட்டைக் கோடு
எங்கோ கீழே.

ஒரு கோடு வந்தது.
பக்கத்தில் இன்னொன்று,
கோடா, என் விரலின் நிழலா.
வெளிச்சத்தில் திருப்பினேன். இருந்தது.
வேறு பக்கம் திருப்பினேன். இல்லை.

ரெஜான், கேட்கிறதா என்றாள் கிஸ்லேன்.
மீண்டும் கொட்டத் தொடங்கியிருந்தது.
இந்தக் கேபினில் நான் தனி ஆள்;
என் மூச்சு மோதுவது கண்ணாடியில் மட்டும்.
தகட்டை இறக்கினேன்.
எந்தத் தெரு என்றேன்.
சரளைபோல்தான் கேட்டது.
அவளும் ஒன்றும் சொல்லவில்லை,
தெருவின் பெயரைத் தவிர.