நீக்கப் படிவம்

பாசிர் ரிஸ் கரையில் அறுபத்து மூன்றாம் எண் பெஞ்சைக்
காணவில்லை.
செவ்வாய்க்கிழமை இருந்தது. படம் எடுத்திருக்கிறேன்:
மூன்று கால் மணலில், ஒரு கால் காற்றில்,
கைப்பிடியில் யாரோ மாட்டிவிட்டுப் போன கோப்பிப் பை.
வியாழன் காலை, பெருநீர் வடிந்த பிறகு,
இரண்டு போல்ட் மட்டும்.

பொருள் எவ்வாறு நீங்கியது என்கிறது படிவம்.
விற்பனை. இடமாற்றம். தேய்மானம். களவு.
களவென்றால் போலீஸ் புகார் எண் தரவேண்டும்.
'மற்றவை' என்ற கட்டத்தில்
இருபது எழுத்துக்கு மேல் ஏறாது.
கடல் என்று அடித்தேன்.
தமிழிலும் மூன்றெழுத்து, ஆங்கிலத்திலும் மூன்றெழுத்து.
கணினி ஏற்றுக்கொண்டது,
மேலதிகாரி செங் ஹுவாட் ஏற்கவில்லை.

பெஞ்சு பூங்காவைச் சேர்ந்தது.
பெஞ்சுக்குக் கீழே இருப்பது நிலத்துறைக்கு.
நிலத்தின்மேல் நீர் ஏறிவிட்டால் நீர்த்துறைக்கு.
முழுக்க நனையாமலும் முழுக்கக் காயாமலும் கிடக்கும்
அந்த நாலு மீட்டருக்காக
பதினேழு மின்னஞ்சல், எல்லாவற்றிலும்
நகல் வரிசையில் என் பெயர்.

மொமினுல் அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்திருக்கிறான்,
நடைபாதை விளிம்பிலிருந்து மண்சரிவு வரை.
போன மாதம் பதினொன்று அறுபது.
இன்று ஒன்பது நாற்பது.
அவன் குரலில் அதிர்ச்சியே இல்லை.
அவன் ஊரில் ஆறு வயலைத் தின்றது.
தின்ற பிறகும் ஆறு வருஷம்
வரிச்சீட்டு வந்ததாம்.
கட்டினீர்களா என்றேன்.
"அப்பா கட்டினார், மேடம்.
கட்டாவிட்டால்
ஆறு திருப்பித் தரும்போது
நம்முடையது என்று எப்படிச் சொல்வது?"
சொல்லிவிட்டு நாடாவைச் சுருட்டினான்.
அது அவன் உள்ளங்கைக்குள்
சர்ரென்று ஓடி ஒளிந்தது.

நிதி வந்துவிட்டது, மணல் கொட்ட.
மூன்று ஒப்பந்தப்புள்ளிகள். குறைந்த விலைக்கு.
மணல் எங்கிருந்து என்ற கேள்விக்கு
'அங்கீகரிக்கப்பட்ட மூலம்' என்று எழுதினால் போதும்.
எந்த ஆற்றின் அடிவயிறோ,
எவன் கட்டிய வரியோ.
அலுவலக அலமாரியில் ஒரு பழைய வரைபடம் உண்டு,
ஓரங்கள் பூச்சி அரித்தது.
அதில் நான் நிற்கிற இடம் நீலம்.
என் மேசை, என் வீட்டுக்குப் போகும் பேருந்து நிறுத்தம்,
எல்லாம் நீலம்.

திங்கட்கிழமை பெஞ்சு கிடைத்தது.
மறுசுழற்சிப் பிளாஸ்டிக் பலகை, மிதக்கும்
என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.
லோயாங் பக்கம், எங்கள் எல்லைக்கு வெளியே,
வேறு அலுவலகத்தின் மண்ணில்
கொஞ்சம் சாய்ந்து, கடலைப் பார்த்தபடி.
பக்கத்தில் நான்கு மொழியில் ஒரு பலகை:
அரசாங்க நிலம், அத்துமீறி நுழையக் கூடாது.
தமிழ் கடைசி வரி என்பதால்
நீர் ஏறும்போது முதலில் நனைவது அதுதான்.
'நுழையக் கூடாது' பாதி முழுகி
'நுழைய' மட்டும் வெளியே நின்றது.

பெஞ்சில் ஒரு பெண் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.
ரொஸ்னா. வாளியில் இரண்டு சின்ன மீன்.
உங்களுடையதா என்று கேட்டாள், பெஞ்சைக் காட்டி.
அடையாள அட்டையைத் தொட்டுக்கொண்டு சொன்னேன்:
பொதுச் சொத்து.
அப்படியானால் உட்காரு என்று
வாளியை நகர்த்தி இடம் விட்டாள்.

உட்கார்ந்தேன். வேலை நேரத்தில், இருபது நிமிடம்.
ஒரு பக்கம் ஆடியது. கால் ஒன்று குட்டை இப்போது.
தூரத்தில் மணல் படகு ஒன்று
தாழ்ந்து, கனத்து, வந்துகொண்டிருந்தது.
மொமினுல் அழைத்தான். எடுக்கவில்லை.

மாலை, படிவத்தை மறுபடி திறந்து
'இடமாற்றம்' என்பதில் சரிக்குறி இட்டேன்.
புதிய இருப்பிடம்: லோயாங்.
நிலை: பயன்பாட்டில் உள்ளது.
மாற்றத்துக்கு அனுமதி வழங்கியவர் யார் என்றது.
காலியாக விட்டுப் பார்த்தேன்.
கட்டம் சிவந்தது. நட்சத்திரக் குறி, கட்டாயம்.
ஜன்னலுக்கு வெளியே பெருநீர் நேரம்.
வேறு வழியில்லாமல்
என் பெயரை எழுதினேன்.