அவன் இருமாத இரவு

இரண்டாம் அறைக்கு வந்தவள்
பெட்டியை இறக்கி வைக்கும் முன்பே கேட்டாள்:
"உங்கள் ஊரில் இருட்டு எங்கே கிடைக்கும்?"

நெருப்பு எங்கிருந்து தெரியும் என்றுதான்
எல்லாரும் கேட்பார்கள்.
நெற்றியில் விளக்கு கட்டி, கையில் தடியோடு,
எரிமலைக்கென்றே வாங்கிய புதுக் காலணியில்
கொப்புளத்தோடு இறங்கி வருவார்கள்.
இருட்டைக் கேட்டு வந்தவள் இவள் ஒருத்தி.

பெயர் சைமி. பின்லாந்தின் வடகோடியில்
ஆஸ்பத்திரியில் இரவுப் பணி.
இரவு என்பது கோடையில் பேச்சுக்குத்தானாம்.
மே மாதம் கண்ணை விட்டுப் போன நட்சத்திரம்
ஆகஸ்டில்தான் திரும்புமாம்.
"போன ஜூனில் என் வார்டில் மூன்று பேர் இறந்தார்கள்,
நடுநிசியில், முகத்தில் வெயிலோடு.
திரையை இழுத்துவிட்டேன். வேறென்ன செய்ய?"

தெருவிளக்கே இல்லாத தீவு இது,
இருட்டுக்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை என்றேன்.
ஆனால் அவன் இருக்கிறானே.

மலை என்று நாங்கள் சொல்வதில்லை. அவன்.
"நேற்று அவன் தூங்கவே விடவில்லை" என்று
கடையில் நான் சொன்னால்
வெளியூர்க்காரர்கள் திந்தாரோவைப் பார்த்துச் சிரிப்பார்கள்.
பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம் இருமுவான்,
வானம் சிவந்து அடங்கும்.
கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது வேண்டுமாம்.
இருபது நிமிடம் அவன் யாருக்குக் கொடுத்தான்?

அமாவாசைக்கு மறுநாள்
கரிய மணலில் இரண்டாம் அறையின் படுக்கை விரிப்பை
என்னைக் கேட்காமலே விரித்தாள்.
பகல் வெயில் இன்னும் மணலுக்குள் இருந்தது.
தூரத்தில் கணவாய்ப் படகுகளின் விளக்கு நான்கு,
அதில் ஒன்று திந்தாரோ.

படுத்தோம்.
அவன் ஒரு தரம் இருமினான்.
அப்புறம் இல்லை.

முதலில் அவள்தான் கவனித்தாள்,
கவனித்து மகிழ்ந்தாள்.
இருபது நிமிடம். முப்பது.
வானம் பின்னுக்குப் பின்னாகத் திறந்துகொண்டே போனது.
மாவு சலித்த மேஜை போலப் பால்வீதி.
"நுன்ஸியா, அங்கே பார், தேள்!
எங்கள் ஊரில் அதற்கு உடம்பே கிடையாது,
அடிவானம் அறுத்துவிடும்.
அதோ கேட்டை, சிவப்பாக.
அதோ வால். கொடுக்கு,
கடலைத் தொட்டும் தொடாமலும்... வாலைப் பார்த்துவிட்டேன்!"
நாற்பது வயதுக்காரி
குழந்தைபோல் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

நான் வானத்தைப் பார்க்கவில்லை.
எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தைந்து. ஐம்பது.
மேலே ஊரில் ஒரு கதவு திறந்தது, இன்னொன்று.
யாரும் பேசவில்லை.
மருந்துக்கடை நாய் குரைக்கத் தொடங்கிப் பாதியில் விட்டது.
படகுகளின் எஞ்சின் ஒவ்வொன்றாக நின்றது,
அவர்களும் காது கொடுக்கிறார்கள்.
மூச்சுவிடுகிறவன் பக்கத்தில் படுத்தே பழகியவளுக்கு
மூச்சு நின்ற படுக்கை எப்படி இருக்கும்
என்று இவளிடம் சொல்லத் தேவையில்லை,
இவள் தொழிலே அது.
ஆனால் சொல்லவில்லை.
அவளுக்கு மூன்று மாத வானம் பாக்கி இருந்தது.

ஒரு மணி நேரம் இருக்கும்.

அடிவயிற்றிலிருந்து வந்தது அந்த இருமல்.
மணல் முதுகில் உதைத்தது.
சிவப்பு எழுந்து பாதி நட்சத்திரத்தைத் துடைத்துவிட்டது.
"ஐயோ, என் கண்!" என்றாள் சைமி.
எனக்குச் சிரிப்பு வந்தது, நிற்கவில்லை,
மேலே ஊரும் எங்கோ சிரித்தது,
கடலில் திந்தாரோ
காரணமே இல்லாமல் விளக்கை அணைத்து ஏற்றினான்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
அந்த வெளிச்சத்தில்
என் முகத்தில் எதையோ படித்திருக்க வேண்டும்,
பிடித்திருந்த மணிக்கட்டில் விரல் நகர்த்தி
நாடி பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

விரிப்பை மூன்று முறை அலசினேன்,
மணல் போகவில்லை.
காலையில் காப்பிக் கோப்பையோடு வந்து கேட்கிறாள்:
"இன்றைக்கும் அமைதியாக இருப்பானா?"

ரொட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன்.