உள்ளம்

புபியான் தீவுக்குக் கிழக்கே வலை ஏறியது.
சுபூர், என்றான் எகிப்துக்காரன் ஸப்ரி.
உங்கள் ஊரில்?
உள்ளம், என்று நெஞ்சைத் தொட்டேன்.
அவன் தன் தொண்டையைத் தொட்டான்:
முள்.

கிழிந்த ஒன்றைச் சோற்றுக்குக் கீறினால்
குடலில் ஒரு துணுக்கு இல்லை.
ஆற்றுத் தண்ணீர் மணத்ததும்
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி
ஏறுகிற சாதி.
இரண்டு பக்கமும் சினை மட்டும்,
விரலில் ஒட்டும் மஞ்சளாய்.

பஸ்ராவுக்கு மேலேயும் இந்த வருஷம்
உப்பு ஏறிவிட்டதாம்.
நல்ல தண்ணீர் தள்ளிப் போனால்
மீனும் தள்ளித்தான் போகணும்,
அதே பட்டினியில்.

கஃபீல் ஃபோனில் கேட்கிறார், எத்தனை கூடை?
பதினொன்று, என்கிறான் ஸப்ரி.
பன்னிரண்டாவதன் அடியில்
சாண் நீளம் வராத ஒன்று
செவுள் அசைத்துக் கிடந்தது.
எறிந்தேன்.

வடக்கே பார்த்து விழுந்ததா
தெரியவில்லை.
இன்னும் விடியவில்லை.