மார்ச் பதினைந்து வரை

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு விதி:
யார் பேசினாலும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும்.
டாக்டர் கஞோன் பிரெஞ்சில் வருந்தினால்
நான் தமிழில் வருந்த வேண்டும்.

மொன்றியல், கோத்-தெ-நேஜ், நான்காம் மாடி,
நவம்பர் ஆறு, காலை பத்தே கால்.
‘கணையத்தில் இருந்தது ஈரலுக்கும் போய்விட்டது.
என்னால் இனிக் குணப்படுத்த முடியாது.
வசந்தம் வரை என்று நினைக்கிறேன்.’

வசந்தம்.
கலியாண அட்டைகளில் வாசித்திருக்கிறேன்,
வாயால் சொன்னது அன்றுதான்.

குலவீரசிங்கம் அண்ணர் என்னைப் பார்க்கவில்லை.
மடியில் கிடந்த கையுறையின் விரல்களை
ஒவ்வொன்றாக நேராக்கினார்.
சுண்டுவிரலில் ஓர் ஓட்டை.
‘வசந்தம் எண்டா எந்தத் தேதி?’

தேதி சொல்ல முடியாது என்றார் டாக்டர்.
சொன்னேன்.

‘இல்லைப் பிள்ளை, டயருக்குக் கேக்கிறன்.
டிசம்பர் ஒண்டுக்கு முதல் பனி டயர் பூட்ட வேணும், சட்டம்.
மார்ச் பதினைஞ்சு மட்டும்.
பழசு நாலும் தேஞ்சு போச்சு.
புதுசு எண்ணூறு டொலர் கேக்கிறான்.’

கணையத்துக்கு வந்த சொல்
டயருக்கு உடனே வரவில்லை.
டாக்டர் பேனையை மூடினார், திறந்தார்.
‘நான் போன கிழமைதான் மாற்றினேன்,
வரிசை நீளம்’ என்றார்.
அதையும் ‘நான்’ என்றே சொன்னேன்.
எனக்குக் காரே இல்லை.

அதுவரை பேசாதிருந்த தவமலர் அக்கா,
சுவரில் தொங்கிய இரைப்பைப் படத்திடம் சொல்வதுபோல:
‘உந்தக் காரை வித்திடலாம்.’
‘வித்துப்போட்டு? விடிய நாலரைக்கு
ஆர் உன்னை பேக்கரிக்கு ஏத்துவினம்?’
‘எனக்கு ஓடத் தெரியாது.’
‘தெரியாதுதான்.’

அறையில் பேசப்படுவது எல்லாம்
மொழிபெயர்க்கப்பட வேண்டும், அதுவும் விதி.
டாக்டர் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.
நான் வாயைத் திறக்கவில்லை.

ஐம்பது நிமிடம் என்று படிவத்தில் எழுதி,
கையெழுத்து வாங்கி,
கீழே பஸ்ஸுக்கு நின்றேன்.
வாகனத் தரிப்பிடத்தின் கடைசி வரிசையில்
சாம்பல் நிறக் கொறோலா.
ஓட்டுநர் இருக்கையில் அக்கா,
தாடை வரை இழுத்துவிட்ட பட்டியோடு.
பக்கத்தில் அவர், ஓட்டைக் கையுறையால்
எதையோ காட்டிக்கொண்டு.
கார் ஒரு சாண் நகர்ந்தது. நின்றது.
இன்னும் ஒரு சாண்.
பிறகு ஹோர்ன், தவறுதலாக, நீளமாக.
புகைத்துக்கொண்டு நின்ற தாதி ஒருத்தி
திரும்பிப் பார்த்து ஏசினாள்.
அதை மொழிபெயர்க்க யாரும் கேட்கவில்லை.