இடது முன்சில்லு

முதலில் அது ஒரு சந்தேகம்தான்.
வேகத்தடையில் ஏறி இறங்கும்போது
காலடியில் எங்கோ ஒரு 'டொக்'.
யாரோ கதவைத் தட்டிவிட்டு
நான் திறக்குமுன் போய்விட்டதைப் போல.
வானொலியைக் கூட்டி வைத்தேன்.
இரண்டு கிழமை அப்படியே ஓடிற்று.

மூன்றாம் கிழமை சாவி மாற்றும்போது
நியூட்டன் கேட்டான்:
"முன்னுக்குச் சத்தம். எங்க கொண்டுபோய்க் குத்தினனீ?"

பிரிந்துபோன இருவருக்கு ஒரு கார்.
கேட்பவர்கள் சிரிக்கிறார்கள்.
லீசிங் இரண்டு பேரின் பெயரிலும்,
இன்னும் பதினான்கு மாதம்.
விற்றால் கடன் தீரும்,
பிறகு கையில் மிஞ்சுவதற்கு
ஓட்டோவின் கூரைகூட வராது.
ஆகவே திங்கள் முதல் புதன்வரை நான்,
வியாழன் முதல் சனி அவன்,
ஞாயிறு மாறி மாறி.
கைமாற்றுவது பம்பலப்பிட்டி பெற்றோல் செட்டில்.
ஆசனத்தை முன்னுக்கு இழுப்பேன்,
கண்ணாடியைத் தாழ்த்துவேன்.
அவனுடைய உயரம் மூன்று நாளைக்கு இல்லாமற் போகும்.

கிராண்ட்பாஸில் துவான் இக்ஸானின் கராஜ்.
ஜக்கில் தூக்கி, சில்லைக் கழற்றி,
கம்பியை விட்டு நெம்பிக் காட்டினார்.
புஷ் வாய் பிளந்து கிடந்தது.
ஷொக் அப்சோபரில் எண்ணெய் கசிந்து
அதன்மேல் நகரத்துத் தூசு
அப்பம்போல ஒட்டியிருந்தது.
"லோவர் ஆம் முடிஞ்சுது மிஸ். லிங்கும் ஆடுது."
இடது பக்கம் மட்டும் மாற்றினால்?
"ஒண்டு புதுசு ஒண்டு பழசு எண்டா இழுக்கும் மிஸ்.
ஜோடியாத்தான் மாத்தணும்."
அவருக்கு எங்கள் கதை தெரியாது, பாவம்.

பஞ்சிகாவத்தையில் ஒரே இரும்புக்கு மூன்று விலை:
ஜப்பான், தாய்வான், 'கழட்டினது'.
கழட்டினதைக் கடைக்காரர் சாரத்தால் துடைத்து நீட்டினார்.
யாரோ ஒருவருடைய பள்ளங்கள்
ஏற்கெனவே அதற்குள் இருந்தன.
ஜப்பானுக்கு விலை கேட்டேன்.
தாய்வானை வாங்கினேன்.

கலண்டர் தாளின் பின்பக்கத்தில் இக்ஸான் கூட்டியது:
ஷொக் இரண்டு நாற்பத்திரண்டாயிரம்,
ஆம் இரண்டு முப்பத்தோராயிரம்,
லிங்க் ஒன்பது, கூலி ஒன்பதரை,
எலைன்மென்ட் மூன்றரை.
தொண்ணூற்றையாயிரம்.
என் சம்பளத்தில் அது ஒரு மாதமும் கொஞ்சமும்.

"இடதுதான் முதல்ல போகும் மிஸ், ரோட்டோரம்தானே.
ஆனா இது ஒரே கிடங்குல
திரும்பத் திரும்ப விழுந்த அடி."

நியூட்டனுக்கு அழைத்து அப்படியே சொன்னேன்.
மறுமுனையில் கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் சுற்றியது.
"எங்கட ஒழுங்கை முகப்பில
தண்ணிக்காரர் வெட்டிப்போட்டு மூடாத கிடங்கு.
வேற எங்க.
இடதுபக்கக் காசு முழுக்க நான் தாறன்."

அந்தக் கிடங்கு எனக்குத் தெரியும்.
கொட்டாஞ்சேனையில், மருந்துக்கடையைத் தாண்டியதும்.
மழை விட்டால் பிளேன்ரீ நிறத்தில்
ஒரு வீதி விளக்கை வைத்துக்கொண்டிருக்கும்.
செவ்வாய் இரவுகளில்
வேலை முடிந்து நேரே வெள்ளவத்தைக்குப் போகவேண்டியவள்
மூன்றாம் மாடியில் வெளிச்சம் இருக்கிறதா என்று
அண்ணாந்து பார்க்கும் அந்த நொடியில்தான்
இடது சில்லு அதில் இறங்கும்.
எத்தனை செவ்வாய்.

"வேண்டாம்" என்றேன். "பாதி பாதி."
"ஏன்?"
"ஜோடியாத்தான் மாத்தணுமாம்."

புதன் மாலை காலி வீதியில் வந்தேன்.
தெகிவளையில் ஒரு குழி, மேம்பாலத்து இணைப்பு,
வேகத்தடைகள் இரண்டு.
ஒன்றுமில்லை.
தொண்ணூற்றையாயிரத்தின் அமைதி.
திரும்பும் இடத்தில், பின்னாலிருந்து, 'டொக்'.

ஓரம் கட்டி டிக்கியைத் திறந்தால்
உரப்பையில் பழைய சாமான்கள்.
மாற்றியதற்குச் சாட்சியாக இக்ஸான் போட்டுவிட்டது.
எது இடது, எது வலது என்று
பார்த்துச் சொல்ல முடியவில்லை.
குடையை அண்டக் கொடுத்தும் உருண்டது.

பெற்றோல் செட்டில் சாவியை வாங்கிக்கொண்டு
ஆசனத்தைப் பின்னுக்குத் தள்ளியபடி கேட்டான்:
"சத்தம் நிண்டிட்டுதா?"

"முன்னுக்கு நிண்டிட்டுது" என்றேன்.